இருபத்தைந்து வயதில் மார்பகம் தளர்வது ஏன்?

"சித்தி, ஒண்ணு கேக்கணும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று அக்கா மகள் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணினால் யாருக்குத்தான் வயிற்றில் புளி கரைக்காது? காதலா, கடனா, வேலையை விட்டுவிட்டாளா என்று எனக்குள் ஒரு பட்டியல் ஓடி முடிந்த பிறகு, குரலை இன்னும் இறக்கிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு செஸ்ட் தொங்கிப்போன மாதிரி இருக்கு சித்தி. இருபத்தஞ்சு வயசுதானே ஆகுது? நான் என்ன தப்பு பண்ணேன்?"

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஆறு மாதத்தில் 16 கிலோ குறைத்திருந்தாள். காலையில் பிளாக் காபி, மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி பட்டினி. எடை குறைந்ததைப் பார்த்து ஊரே பாராட்டியது. கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் அவளுக்கு வேறொன்று தெரிந்திருக்கிறது. பிறகு எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். போனில் தேடினாள். தேடிய பத்தாவது நிமிடத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் 'பதினைந்தே நாளில் எடுப்பான மார்பு' என்று எண்ணெய் விளம்பரம். விலை 1,499 ரூபாய். வாங்கட்டுமா வேண்டாமா என்று கேட்கத்தான் போன்.

நான் பிரசவ வார்டில் பதினான்கு வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். இந்தக் கேள்வியை எத்தனையோ பெண்கள் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் பக்கத்து கட்டிலுக்குக் கேட்காத குரலில். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், போனில் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மார்பகத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசை எதுவும் மார்பகத்துக்குள் கிடையாது. இது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உள்ளே இருப்பது பால் சுரப்பிகள், 15 முதல் 20 பகுதிகளாக, உரித்த ஆரஞ்சின் சுளைகள் போல. அவற்றைச் சுற்றியும் இடையிலும் கொழுப்பு. இவற்றின் ஊடே, மார்புச் சுவரிலிருந்து தோல்வரை மெல்லிய நார்கள் ஓடுகின்றன. ஆஸ்ட்லி கூப்பர் என்ற லண்டன் அறுவைச் சிகிச்சை நிபுணர் 1840ல் மார்பகத்தின் உடற்கூறு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் இந்த நார்களை விவரமாக எழுதியதால் அவை இன்றும் 'கூப்பர் நார்கள்' என்றே அழைக்கப்படுகின்றன. தசை இருப்பது இதற்கெல்லாம் பின்னால், விலா எலும்பின் மேல். மார்பகம் அந்தத் தசையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆக, முழு எடையையும் தாங்குவது வெளியே தோல், உள்ளே அந்த நார்கள். இரண்டுக்கும் உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி சுருங்கும் குணத்தைத் தோலுக்குத் தருவது எலாஸ்டின்.

அவளுக்குப் புரிவதற்காக நான் தூளியைச் சொன்னேன். பழைய நூல் புடவையில் குழந்தைக்குத் தூளி கட்டுகிறோம். கட்டிய அன்று தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் கச்சிதமாக நிற்கும். நாலு மாதம் கழித்துப் பார்த்தால் குழந்தையின் முதுகு தரையைத் தொடப் பார்க்கும். குழந்தை கனத்தது ஒரு காரணம். தினமும் இழுபட்டு இழுபட்டுத் துணி இளகியது இன்னொன்று. குழந்தையைத் தூக்கிவிட்டால் துணி பழைய அளவுக்குச் சுருங்கிவிடுமா? தொளதொளவென்று தொங்கத்தான் செய்யும். தூளியையாவது அவிழ்த்து மறுபடி ஏற்றிக் கட்டலாம். தோலில் அப்படி முடிச்சு ஏதும் இல்லை.

மார்பகத் தளர்வின் கதை மொத்தமும் இதற்குள் இருக்கிறது. உள்ளே கனம் கூடிக் குறைகிறது, அதைப் பிடித்திருக்கும் துணி அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. எடை, கர்ப்பம், வயது, புகை என்று காரணமாகச் சொல்லப்படும் ஒவ்வொன்றும் ஒன்று கனத்தைத் தொடும், இல்லையென்றால் துணியைத் தொடும்.

அதற்கு முன், நிஜமாகவே தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? கேட்டு வருபவர்களில் நிறையப் பேருக்கு எதுவுமே ஆகியிருக்காது. டாக்டர்கள் இதற்கு ஓர் எல்லைக்கோடு வைத்திருக்கிறார்கள். மார்பகத்துக்கு அடியில், அது மார்புச் சுவரோடு சேரும் இடத்தில் ஒரு மடிப்பு இருக்கும். நேராக நின்று பக்கவாட்டில் பார்த்தால், காம்பு அந்த மடிப்புக்கு மேலே இருந்தால் தளர்வு இல்லை. மடிப்பின் மட்டத்துக்கு வந்தால் முதல் நிலை. அதற்குக் கீழே இறங்கினால் இரண்டாம் நிலை. எல்லாவற்றுக்கும் கீழே போய்த் தரையைப் பார்த்தால் மூன்றாம் நிலை. 1976ல் ரெனோ என்ற பிளாஸ்டிக் சர்ஜன் வகுத்த இந்தப் பிரிவைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். காம்பு மேலேயே இருந்து, அடிப்பாகம் மட்டும் கனத்துக் கீழே சரிந்திருந்தால் அதைப் 'பொய்த் தளர்வு' என்கிறார்கள்.

இதை விட்டுவிட்டுப் பெண்கள் எதை நம்புகிறார்கள் என்றால், பென்சில் சோதனையை. மார்பகத்துக்கு அடியில் பென்சிலை வைத்து, விழாமல் நின்றால் தொங்கிவிட்டதாம். கொஞ்சம் சதைப்பிடிப்பான மார்பகம் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் பென்சில் நிற்கத்தான் செய்யும். அதற்கும் தளர்வுக்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று, இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் யாருக்கும் இருப்பதில்லை. ஒன்று கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் தாழ்வாக இருப்பதுதான் இயல்பு. சிலருக்கு வளரும்போதே வடிவம் கீழ்நோக்கி அமைந்துவிடும். அவர்கள் எதையும் இழக்கவில்லை, அவர்கள் மார்பகமே அப்படித்தான். விளம்பரத்தில் பார்ப்பதோ கம்பி வைத்து, பஞ்சு வைத்து, நல்ல வெளிச்சம் போட்டு, அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் திருத்திய படம். குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நிற்கும் உடம்பை அதோடு ஒப்பிட்டால் யாருக்கும் குறைதான் தெரியும்.

சரி, காரணங்களுக்கு வருவோம். இளம்பெண்களிடம் நான் அதிகம் பார்த்தது எடை ஏறி இறங்குவதால் வரும் தளர்வுதான். மார்பகத்தில் கணிசமான பகுதி கொழுப்பு என்பதால், உடம்பில் எடை ஏறும்போது அங்கேயும் ஏறும், தோல் விரியும். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் இளம் வயதுத் தோல் ஓரளவு கூடவே வந்துவிடும். ஆறு மாதத்தில் 16 கிலோ என்றால் அதனால் ஓடிவர முடிவதில்லை. போதாததற்கு, பட்டினி கிடந்து குறைத்தவள் உடம்பில் புரதமும் குறைந்திருக்கும். தோலைப் பழுதுபார்க்கச் சரக்கு வேண்டுமே! இதைவிடக் கெடுதல், குறைப்பதும் ஏற்றுவதும் மறுபடி குறைப்பதுமாக ஊஞ்சலாடுவது. ஒவ்வொரு சுற்றிலும் தூளி இன்னொரு தடவை இழுபடுகிறது. எடை குறைக்க வேண்டியவர்கள் குறைக்கத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. மெதுவாக, படிப்படியாகப் போகலாம். தட்டில் முட்டையோ பருப்போ சுண்டலோ மீனோ இருக்க வேண்டும். வெள்ளரிக்காயை மட்டும் நம்பினால் தோலும் தசையும் சேர்ந்து போகும்.

அடுத்தது கர்ப்பம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். எங்கள் வார்டில் அதிக சேதம் விளைவித்த வதந்தி இங்கேதான் பிறந்தது: "பால் கொடுத்தா தொங்கிடும்."

பிரசவமான இரண்டாம் நாள். சீம்பால் வந்துகொண்டிருக்கிறது. குழந்தை வாயைத் திறந்து தேடுகிறது. தாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு "பால் வரலை சிஸ்டர், பவுடர் பால் குடுத்துடுங்க" என்கிறாள். பிழிந்து பார்த்தால் வருகிறது. அப்புறம்தான் மெல்ல விஷயம் வெளியே வரும். கல்யாணமான தோழி சொன்னாளாம், நாத்தனார் தன்னையே காட்டி எச்சரித்தாளாம். சில நேரம் கணவனே சொல்லியிருப்பான். அந்த மாதிரி ஆட்களிடம் நான் பேசிய விதத்தை இங்கே எழுத முடியாது.

நடப்பது என்னவென்று பாருங்கள். பால் கொடுப்பதற்கு வெகுமுன்பே, கர்ப்பத்தின் முதல் சில வாரங்களிலேயே, ஹார்மோன்களால் மார்பகம் பெரிதாகத் தொடங்கிவிடுகிறது. சுரப்பிகள் பெருகுகின்றன, ரத்த ஓட்டம் கூடுகிறது, தோல் விரிகிறது. பிரசவம் ஆனதும் பால் கட்டுவது எல்லாத் தாய்க்கும் நடக்கும், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். பிறகு சுரப்பிகள் சுருங்குகின்றன. விரிந்த தோல் அதே வேகத்தில் சுருங்குவதில்லை. ஆக, மார்பகத்தை மாற்றுவது கர்ப்பம். பழியைச் சுமப்பது பால்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் ரிங்கர் என்ற பிளாஸ்டிக் சர்ஜனிடம், மார்பக அறுவைக்கு வரும் தாய்மார்கள் பலரும் "பால் கொடுத்ததால்தான் இப்படி ஆச்சு" என்றே சொன்னார்களாம். அவருடைய குழு, கர்ப்பம் தரித்திருந்த 93 பேரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. 2008ல் வெளியான முடிவின்படி தளர்வோடு சேர்ந்து வந்தவை வயது, உயரத்துக்கு மீறிய எடை, எத்தனை தடவை கர்ப்பம், கர்ப்பத்துக்கு முன்பே மார்பகம் எவ்வளவு பெரிது, புகைப்பழக்கம். தாய்ப்பால் அந்தப் பட்டியலில் இல்லை. அதே குழு பிறகு செய்த ஆய்வில் பெருமளவு எடை இழப்பும், அதாவது 22 கிலோவுக்கு மேல், பட்டியலில் சேர்ந்தது. தாய்ப்பால் அப்போதும் சேரவில்லை. இவர்கள் எல்லாம் அறுவைக்கென்று வந்த பெண்கள், தெருவில் போகும் யாரோ ஒருவர் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும், பால் கொடுத்தவர் கொடுக்காதவர் என்று பிரித்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை என்பது சும்மா தள்ளிவிடும் விஷயமில்லை.

பால் கொடுக்காமல் விட்டால் மார்பகத்துக்கு லாபம் இல்லை, நஷ்டம் உண்டு. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2002ல் வெளியிட்டார்கள். ஒரு பெண் பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் தாயிடம் நான் இந்தக் கணக்கை எல்லாம் ஒப்பித்ததில்லை. குழந்தையைத் தூக்கி அவள் நெஞ்சில் போட்டுவிட்டு, "வயித்துல புள்ளை வந்தப்பவே மாற வேண்டியது மாறிடுச்சும்மா, இப்ப இவனுக்குக் குடு" என்பேன். பெரும்பாலும் அதுவே போதுமாக இருந்தது.

தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. பாலை நிறுத்துவது என்று முடிவெடுத்தால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். ஒரு வேளை, இரண்டு வேளை என்று சில வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள். துணியால் இறுக்கிக் கட்டிப் பாலை வற்ற வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் வலிதான் மிச்சம், பால் தேங்கிக் கட்டிப்போய்க் காய்ச்சலும் வரலாம். மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவதும் நம் ஊர்ப் பழக்கம்தான். குழந்தையை இழந்த தாய்மார்களுக்கு அப்படிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாசனை இன்றும் எனக்குச் சரிப்படாது.

புகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகரெட் புகை எலாஸ்டினைச் சிதைக்கிறது. முகத்தில் சீக்கிரம் சுருக்கம் விழுவதற்கும் அதுதான் காரணம். தூளித் துணியை உள்ளிருந்தே நைந்துபோக வைப்பது மாதிரி. பெண்கள் சிகரெட் குடிப்பதில்லையே என்று சொல்லிக் கடந்துபோகிற காலம் இல்லை இது.

நம் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. பரம்பரையாக வரும் தோலின் தன்மை, பிறவியிலேயே அமைந்த மார்பகத்தின் அளவு, வயது. பெரிய மார்பகம் சீக்கிரம் தாழும், கனம் அப்படி. விரல் மூட்டுகள் பின்பக்கம் வளையும் அளவுக்கு நெகிழ்வான உடம்பு, இழுத்தால் ரப்பர்போல் நீளும் தோல் என்று பிறவியிலேயே இணைப்புத்திசுக் கோளாறு உள்ளவர்களுக்குச் சின்ன வயதிலேயே தளரலாம். அது அபூர்வம். ஆனால் அந்த அடையாளங்கள் இருந்தால் மார்பகத்துக்காக இல்லாவிட்டாலும் வேறு காரணங்களுக்காக டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இப்போது பிரா. "நீ ராத்திரி பிரா போடாம தூங்குறல்ல, அதான்" என்று அக்கா அவளைத் திட்டியிருக்கிறாள். "போடவே கூடாது, போட்டாதான் தொங்கும்னு ஒரு வீடியோல சொன்னாங்க" என்று இவள். இரண்டு கட்சிக்கும் ஆதாரம் கிடையாது.

வீடியோக்காரர்கள் காட்டுவது ழான்-தெனி ரூயோன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியரின் ஆய்வை. பெசான்சோன் நகரில் பதினைந்து வருஷமாக முந்நூற்றுச் சொச்சம் பெண்களின் மார்பை அளந்து, பிராவை விட்டவர்களுக்குக் காம்பு சில மில்லிமீட்டர் மேலேறியது என்று 2013ல் சொன்னார். செய்தி உலகம் முழுக்கப் பறந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள், எல்லாப் பெண்களுக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவரே சொன்னார். அந்த வாக்கியம் மட்டும் பறக்கவில்லை.

என் புரிதல் இது. போட்டிருக்கும் நேரத்தில் பிரா தாங்குகிறது. கழற்றிய பிறகு அதன் வேலை முடிந்தது. தோலுக்கு அது பாடம் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, கெடுப்பதுமில்லை. தூங்கும்போது போடுவதும் போடாததும் உங்கள் சௌகரியம். கனமான மார்பகம் உள்ளவர்களுக்குப் பகலில் நல்ல பிரா முதுகு வலியையும் கழுத்து வலியையும் குறைக்கும், அதற்காகவே போடலாம். ஆனால் 'நல்ல பிரா' என்பதில்தான் நம் பெண்கள் ஏமாறுகிறார்கள். கடையில் சேல்ஸ்மேன் நின்றுகொண்டிருப்பார். கூச்சத்தில் "முப்பத்தாறு குடுங்க" என்று சொல்லி, சுருட்டி பைக்குள் வைத்துக்கொண்டு ஓடிவருவோம். பதினெட்டு வயதில் அம்மா வாங்கிக்கொடுத்த நம்பரை நாற்பது வயதுவரை மாற்றாதவர்கள் உண்டு.

அக்கா மகளை அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். முதலில் மார்பகத்துக்குச் சரியாக அடியில், விலா எலும்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்ட நிலையில் இறுக்கமாக: 32 இஞ்ச். அடுத்து மார்பகத்தின் மிக எடுப்பான பகுதியைச் சுற்றி, அழுத்தாமல்: 36 இஞ்ச். வித்தியாசம் 4. கப்பின் எழுத்து இதிலிருந்துதான் வருகிறது: ஒரு இஞ்சுக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி. அதாவது 32 டி. அவள் போட்டிருந்தது 36 பி.

"டியா? அவ்ளோ பெருசா சித்தி?" என்று பதறினாள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கப்பின் எழுத்து தனியாக எந்த அளவையும் குறிக்காது, பட்டையோடு சேர்த்துத்தான் அதற்குப் பொருள். 36 பி, 34 சி, 32 டி மூன்றிலும் கப் கொள்ளும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது சுற்றும் பட்டை. அவளுக்குக் கப் சரி, பட்டைதான் நாலு இஞ்ச் தொளதொளப்பு. எடையில் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது அடிப்பட்டை. அது தொளதொளத்தால் மொத்தக் கனமும் தோள் ஸ்ட்ராப்பில் தொங்கும். அவளும் ஸ்ட்ராப்பை இறுக்கி இறுக்கித் தோளில் இரண்டு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். பின்பக்கம் பட்டை கழுத்தை நோக்கி ஏறியிருந்தது. பட்டை பின்னால் ஏறினால் கப் முன்னால் இறங்கும். அவள் 'தொங்குகிறது' என்று கண்டதில் பாதி இந்தப் பட்டை செய்த வேலை.

கடையில் போட்டுப் பார்க்கும்போது, புது பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில் மாட்டிப் பாருங்கள். அதிலேயே சரியாக நிற்க வேண்டும். எலாஸ்டிக் இளக இளக உள் கொக்கிக்கு மாறத்தான் மற்ற இரண்டும். இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், பட்டை நகரக் கூடாது. கப் மேலே சதை பிதுங்கினாலும் தவறு, கப் சுருங்கிக் காலியாக நின்றாலும் தவறு. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். சிலர் அடிச்சுற்றளவோடு 4, 5 இஞ்ச் கூட்டும் பழைய முறையில் நம்பர் போடுகிறார்கள். ஆகவே அட்டையில் இருப்பதைவிட உடம்பு சொல்வதை நம்புங்கள்.

ஓடுபவர்கள், ஸ்கிப்பிங் ஆடுபவர்கள், ஷட்டில் விளையாடுபவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிரா அவசியம். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்குழு இருக்கிறது. ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை, பக்கவாட்டிலும் முன்பின்னும் சேர்ந்து, கிட்டத்தட்ட எட்டு போட்டதுபோல் அசைகிறது என்று அளந்து சொன்னவர்கள் அவர்கள். ஓடுவதால் மார்பகம் நிரந்தரமாகத் தளரும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் வலிக்கும். அந்த வலிக்கு பயந்தே விளையாட்டை விட்ட பெண்கள் எத்தனை பேர்! 1977ல் அமெரிக்காவின் வெர்மான்டில், ஓட ஆசைப்பட்ட லிசா லிண்டால் என்ற பெண்ணும் அவரோடு சேர்ந்த இன்னும் இரண்டு பெண்களும், ஆண்கள் விளையாடும்போது அணியும் இரண்டு சப்போர்ட்டரை ஒட்டித் தைத்துப் பார்த்தார்கள். முதல் ஸ்போர்ட்ஸ் பிரா அப்படித்தான் பிறந்தது.

உடற்பயிற்சி தூக்கிவிடுமா? மார்பகத்துக்குள் தசை இல்லை என்று மேலே சொன்னேன். எனவே எந்தப் பயிற்சியும் நீண்ட தோலைச் சுருக்காது. பின்னால் இருக்கும் மார்புத் தசை தடித்தால், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மார்பகம் கொஞ்சம் எடுப்பாகத் தெரியலாம். பலன் அந்த அளவுக்குத்தான். ஜிம்முக்குப் போக முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றித் தள்ளும் புஷ்-அப்பில் தொடங்கலாம், பிறகு முட்டி போட்டு, பிறகு தரையில். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ டம்பெல்லுக்குச் சமம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். முதுகுத் தசைக்கும் பயிற்சி கொடுங்கள். ஏனென்றால் என் பார்வையில் பயிற்சியின் பெரிய பலன் நிமிர்ந்து நிற்பதுதான். நோட்டை நெஞ்சோடு அணைத்து, துப்பட்டாவை இழுத்து விட்டு, தோளைக் குறுக்கி நடக்கப் பழகியவர்கள் நாம். குனிந்த முதுகில் எந்த மார்பகமும் தாழ்ந்துதான் தெரியும். நம்பாவிட்டால் கண்ணாடி முன் ஒருமுறை குனிந்தும் ஒருமுறை தோளைப் பின்னுக்கு விட்டும் நின்று பாருங்கள்.

எண்ணெய்க்கு வருகிறேன். வெளியே தடவும் எந்த எண்ணெயும் கிரீமும் உள்ளே நீண்டுபோன நாரைச் சுருக்காது. மாதுளைத் தோல், வெந்தயம், ஐஸ் கட்டி, எதுவானாலும் இதுதான் பதில். தோல் வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், பளபளப்பாகும், அவ்வளவே. உறிஞ்சும் பம்பு மாதிரிக் கருவிகள் கொஞ்ச நேரம் வீங்க வைக்கும், சில நேரம் ரத்தம் கட்ட வைக்கும். இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. மருந்துகளுக்கான ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954ல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. இன்ன இன்ன நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. சர்க்கரை நோய், புற்றுநோய், வலிப்பு என்று நீளும் அந்த அட்டவணையில் 'பெண்களின் மார்பக வடிவமும் அமைப்பும்' என்பதும் ஓர் இனம். அந்தக் காலத்திலேயே இந்தப் பித்தலாட்டம் அவ்வளவு பிரபலமாக இருந்திருக்கிறது! அப்போது வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம், இப்போது போன் திரை.

அறுவை மட்டுமே நிஜமாக ஏற்றிக் கட்டும். அதிகப்படித் தோலை வெட்டி, காம்பை மேலே நகர்த்தித் தைப்பார்கள். தழும்பு இருக்கும், காம்பில் உணர்ச்சி குறையலாம், பின்னால் பால் கொடுப்பதில் சிக்கல் வரலாம். அடுத்த கர்ப்பத்திலோ அடுத்த எடை ஏற்றத்திலோ மறுபடி தளரலாம். அதனால் குழந்தை பெறும் திட்டம் இருப்பவர்களைப் பொறுத்திருக்கச் சொல்வார்கள். கல்யாணப் போட்டோவுக்காகச் செய்துகொள்ளும் காரியம் இல்லை இது. மார்பகம் மிகக் கனமாக இருந்து கழுத்து, முதுகு வலியும், அடி மடிப்பில் புண்ணும் வருபவர்களுக்கு அளவைக் குறைக்கும் அறுவை வேறு விஷயம். அவர்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் மெதுவாகத் தாழ்வது நோய் இல்லை. ஒரு பக்கம் மட்டும் திடீரென வடிவம் மாறினால் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டி தட்டுப்படுவது, தோலில் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பாவது, வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தக் கசிவு, ஆறாத சிவப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் காட்டிவிட வேண்டும். குழி விழுவதற்குக் காரணம் நாம் முதலில் பார்த்த அதே கூப்பர் நார்கள்தான். உள்ளே புற்றுக்கட்டி நாரைப் பிடித்து இழுக்கும்போது, அதன் மறுமுனையில் இருக்கும் தோல் உள்வாங்குகிறது. இளம் வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே, பயந்து ஒளித்துவைக்க வேண்டாம்.

அக்கா மகளுக்குக் கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான். குறைத்த 16 கிலோவை மறுபடி ஏற்றாதே, இனி குறைப்பதாக இருந்தால் சாப்பிட்டுக்கொண்டு குறை, புஷ்-அப் எடு, சரியான அளவில் இரண்டு பிரா வாங்கு. விரிந்த தோல் கொஞ்சம் சுருங்கலாம், முழுக்கச் சுருங்காது. அது பரவாயில்லை என்று சொன்னபோது அவள் முழுதாக நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் வயதில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மெசேஜ். "32 டி கிடைச்சுது சித்தி. ரெண்டு பீஸ் 900 ரூபா. தோள்ல கோடு போயிடுச்சு." கீழே இன்னொரு வரி: "அம்மாவுக்கும் அளவு எடுக்கணுமாம். வெக்கப்படுறாங்க, நீங்களே கூப்பிட்டுப் பேசுங்க."